கொட்டாங்குச்சி ஆப்பை: அளவெடுப்பது முதல் மறுபடி கோப்பது வரை

எங்கள் வீட்டு அடுப்புக்கு வலப்பக்கச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்குவது ஒரே ஒரு ஆப்பை. காம்பு பலாக்கட்டை. கட்டைவிரல் பதியும் இடத்தில் மட்டும் மரம் லேசாகக் குழிந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். அது எங்கள் ஆயாவின் விரல் பட்டுத் தேய்ந்த குழி. 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது எங்கள் கொல்லையில் இருந்த பலாமரமும் சாய்ந்தது. விழுந்த மரத்தை விறகுக்காரர் ஏற்றிப் போவதற்கு முன்னால், நேராக இருந்த ஒரு கிளையை அப்பா வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கிளையிலிருந்து ஆறு காம்புகள் வந்தன. வீட்டுக்கு ஒன்றாக உறவுக்குள்ளேயே கொடுத்தார். ஆயாவுக்குக் கொடுத்தது இப்போது என்னிடம் இருக்கிறது. காம்பு அதேதான், கொட்டாங்குச்சி மட்டும் இப்போது மூன்றாவது.

எழுத்தில் அகப்பை என்று எழுதுவோம், வீட்டில் ஆப்பை என்போம். கடையில் வாங்கினால் பெரிய காசில்லை. ஆனால் கடையில் இருப்பது யாருடைய சட்டிக்கோ, யாருடைய கைக்கோ செய்தது. நம் வீட்டுச் சட்டியின் ஆழத்துக்கும், தினமும் பிடிக்கிறவரின் கைக்கும் பொருந்துகிற ஆப்பை வேண்டும் என்றால் வீட்டில்தான் செய்ய வேண்டும். இரண்டு நாள் மாலை நேரம் போதும். காய வைக்கிற நாட்களை மட்டும் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு

எல்லாரும் தேங்காயில் ஆரம்பிக்கிறார்கள். நான் சட்டியில் ஆரம்பிக்கச் சொல்வேன். எந்தச் சட்டிக்கு இந்த ஆப்பை என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீன் குழம்புச் சட்டியா, சோற்றுப் பானையா, கூழ்ப் பானையா?

ஒரு குச்சியைச் சட்டிக்குள் சாய்வாக விட்டு, அடி தொடும்படி வையுங்கள். விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் இரண்டு பிடி அளவு விட்டு வெட்டினால் அதுதான் காம்பின் நீளம். பிடி என்பது சமைக்கிறவரின் கைப்பிடி, அளக்கிறவருடையது அல்ல. ஒரு பிடி, கை பிடிக்க. இன்னொரு பிடி, ஆவி கையில் அடிக்காமல் இருக்க. நாலு பேர் குழம்புச் சட்டிக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் பெரிய பாத்திரத்துக்கு இரண்டு முழமாவது வேண்டும்.

கிண்ணத்தின் அளவையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஒரு ஆப்பை குழம்பு ஒரு தட்டுச் சோற்றுக்குச் சரியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆப்பை அரை டம்ளர் பிடிக்கும். ஆயாவுக்கு அதுவேதான் அளவுப் பாத்திரம். குழம்புக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் ஆப்பைக் கணக்கில்தான் பதில் வரும்.

தேங்காய்

நன்றாக முற்றிய தேங்காய் வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். நார் நீக்கிய பிறகு ஓடு கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறிய ஓடு இளசு, காய்ந்தால் சுருங்கும், கொதிக்கும் குழம்பில் சீக்கிரம் வெடிக்கும். முழு உருண்டையாக இருக்கும் காயைத் தேடுங்கள். கூம்பிய காயில் கிண்ணம் ஆழமாக வரும், ஆனால் சட்டியின் அடியை வழிக்க முடியாது.

தேங்காய்க்கு மூன்று கண். அதில் ஒன்று மெல்லிய கண், முளை வெளியே வரும் வழி. குச்சியால் குத்தினாலே திறந்துகொள்ளும். அதனால் கண் இருக்கும் பாதி ஆப்பைக்கு ஆகாது. கண் இல்லாத பாதியைத்தான் எடுக்க வேண்டும். கண் உள்ள பாதியை எறிந்துவிடாதீர்கள். அந்தக் கண்ணைத் திறந்துவிட்டால் எண்ணெய் ஊற்றும் புனல் ஆகிவிடும்.

உடைப்பதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சாமிக்கு உடைப்பது போல நடு இடுப்பில் உடைத்தால் கிண்ணம் ஆழம் குறைவாகிவிடும். இடுப்பிலிருந்து ஒரு விரற்கடை கண் பக்கமாகத் தள்ளிச் சுண்ணக்கட்டியால் சுற்றிலும் கோடு போடுங்கள். தேங்காயை இடது கையில் வைத்து, உருட்டிக்கொண்டே அரிவாளின் முதுகால் அந்தக் கோட்டின் மேல் அளவாகத் தட்டுங்கள். ஒரே அடியில் உடைக்கப் பார்க்க வேண்டாம். மூன்றாவது சுற்றில் சத்தம் மாறும். கணீர் என்றிருந்தது சொத்தென்று கேட்கும். அப்போது இன்னும் ஒரு தட்டு, வாய் பிளந்துவிடும். கை பழகாதவர்கள் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் கோட்டைச் சுற்றி அறுத்துக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும், ஆனால் விளிம்பு சீராக வரும்.

பருப்பை அரிவாள்மனையில் துருவிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது மூடியோடு இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் பருப்பு சுருங்கித் தானே கழன்றுவிடும். ஓட்டுக்கு அது இன்னும் நல்லது, உள்பக்கம் சுத்தமாக வரும்.

சுரண்டுவது

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆப்பையின் ஆயுள் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் நார் ஒரு இழை மிஞ்சினாலும் அதில் புளியும் எண்ணெயும் இறங்கி, ஈரம் தங்கி, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஓட்டை ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் வெளிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். அப்பாவின் ஆயுதம் கண்ணாடிச் சில்லுதான். உடைந்த பாட்டிலின் வளைந்த துண்டு ஓட்டின் வளைவோடு பொருந்தும். நாரை ஒரே இழுப்பில் உரித்துக்கொண்டு வரும். கையில் கனமான துணி சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார். எனக்கு அது பயமாக இருப்பதால் பழைய கத்தியின் முதுகை வைத்துச் செய்கிறேன். அரை மணி நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் உப்புத்தாள். முதலில் 60 நம்பர், பிறகு 120, கடைசியாக 220. தூள் மிக மெல்லியது, மூக்கில் ஏறினால் தொண்டை கமறும். ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். 120 முடியும்போது ஓட்டுக்குள் மறைந்திருந்த மெல்லிய வரிகள் மேலே வரும். ஒரு காயின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. எங்கள் இப்போதைய ஆப்பையில் ஒரு பக்கம் வெளிர் பழுப்பில் நதி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. கழுவும்போதெல்லாம் என் மகள் அதைத்தான் விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

உள்பக்கத்தில் பருப்பின் பழுப்புத் தோல் ஒட்டியிருக்கும். கரண்டி முனையால் வழித்துவிட்டு, உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போல ஆக வேண்டியதில்லை, விரல் வழுக்கினால் போதும். விளிம்பை மட்டும் உள்ளும் வெளியும் நன்றாக மழுக்குங்கள். கூர்மையான விளிம்பு மண்சட்டியின் அடியைக் கீறும்.

காம்பு

எங்கள் பக்கம் கிடைப்பதைச் சொல்கிறேன். மூங்கில் நல்லது, அதிலும் உள்ளே பொந்து இல்லாத கல் மூங்கில் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். பலா செதுக்குவதற்கு இணக்கமான மரம், காலம் போகப் போக மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வரும். பண்ருட்டிப் பக்கம் பலாமரம் கழிக்கிறவர்களிடம் கேட்டால் கிளைத் துண்டு கிடைக்கும். சவுக்கு எங்கள் கடற்கரை முழுக்க இருக்கிறது, ஆனால் காய்ந்தால் வெடிப்பு விடும். நான் ஒரு முறை செய்து பார்த்து விட்டுவிட்டேன். அரளிக் குச்சி நேராக, வழவழப்பாக இருக்கும், பார்த்ததும் கை போகும். தொடவே வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சாமான் வந்த மரப்பெட்டிப் பலகையும் வேண்டாம், அதில் என்ன மருந்து தடவியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எந்த மரமானாலும் பச்சையாகக் கோக்காதீர்கள். நிழலில் ஒரு மாதமாவது காய வேண்டும். பச்சைக் காம்பு கோக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும், காய்ந்ததும் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். காய்ந்த காம்போ, ஈரம் பட்டதும் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆணியும் பசையும் இல்லாமல் இந்தச் சாமான் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

செதுக்கும்போது பிடிப்பக்கம் கட்டைவிரல் பருமன். கிண்ணத்துக்குள் போகும் பகுதி நடுவிரல் பருமனில் ஆரம்பித்து நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு இறங்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் படி போல ஒரு தோள் விடுங்கள். கிண்ணம் அந்தத் தோளில் வந்து முட்டி நிற்கும். பிடியை முழு உருண்டையாக்க வேண்டாம், மேல்பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தால் ஈரக் கையில் சுழலாது.

துளை

நான் செய்த முதல் ஓடு இங்கேதான் பிளந்தது. டிரில்லிங் மெஷினில் பெரிய பிட்டை மாட்டி நேராக அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து அடிவரை ஒரே விரிசல். இரண்டு நாள் சுரண்டிய ஓடு. அப்பா ஒன்றும் திட்டவில்லை. ஓட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஓடு கல்லு மாதிரி இருக்கும்மா, ஆனா கல்லு இல்ல. கேட்டுக் கேட்டுத்தான் போகணும்” என்றார். பிறகு தானே ஒன்றைச் செய்து காட்டினார். அவர் செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன்.

ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று மேடுகள் ஓடும். விரலால் தடவினால் தெரியும். துளை எதுவும் அந்த மேட்டின் மேல் விழாதபடி ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இடம் குறியுங்கள். கைப்பக்கத் துளை விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை. எதிர்ப்பக்கத் துளை ஒன்றரை விரற்கடை. இந்த அரை விரற்கடை வித்தியாசம் முக்கியம். அதனால்தான் காம்பு கையை நோக்கி மேலே ஏறும். இரண்டையும் ஒரே மட்டத்தில் போட்டால் காம்பு படுத்துக்கொள்ளும், சட்டிக்குள் மொள்ளும்போது மணிக்கட்டை ஒடிக்க வேண்டியிருக்கும். அதற்காக இன்னும் கீழே இறக்கிவிடவும் கூடாது. துளை எவ்வளவு கீழே போகிறதோ, கிண்ணத்தில் கசியாமல் நிற்கும் குழம்பு அவ்வளவு குறையும்.

குறித்த இடத்தில் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி வைத்து அழுத்துங்கள். புகை வரும், ஓடு கருகி உள்வாங்கும். மூன்று நான்கு முறை காய்ச்சி வைத்தால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சூட்டில் அதிர்ச்சி இல்லை, அதனால் விரிசலும் இல்லை. கம்பியின் மறுமுனையை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின்தான் வசதி என்றால் 3 மில்லிமீட்டர் பிட்டில், மெதுவான வேகத்தில், உள்ளே ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வைத்துத் துளையுங்கள்.

சிறு துளை வந்தபின் உருண்டை அரத்தை விட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பெரிதாக்குங்கள். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை காம்பை விட்டுப் பாருங்கள். கைப்பக்கத் துளை நடுவிரல் பருமனுக்கு, எதிர்த்துளை சுண்டுவிரல் பருமனுக்கு. காம்பு தோள்வரை போவதற்கு ஒரு நெல் மணி அளவு தூரம் மிச்சம் இருக்கும்போது அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த மிச்சத்தை இறுக்கமே பார்த்துக்கொள்ளும்.

கோப்பதும் ஆப்பு வைப்பதும்

காம்பைக் கைப்பக்கத் துளையில் விட்டு, கிண்ணத்தைக் குறுக்கே கடந்து, எதிர்த்துளையில் நுனி வெளியே வரும்படி தள்ளுங்கள். மரக்கட்டையால் பிடியின் கடைசியில் மெல்லத் தட்டினால் தோளில் போய் உட்காரும். வெளியே ஒரு விரற்கடை நுனி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டை ஒட்டினாற்போல நுனியில் குறுக்கே ஒரு சின்னத் துளை போட்டு, மூங்கில் சீவலில் செதுக்கிய ஆப்பு ஒன்றை அடித்து இறுக்குங்கள். ஆணி அடிக்க ஆசை வரும். புளிக்குழம்பில் இரும்பு நாலே வாரத்தில் துருவாகிக் குழம்புக்கே வாடை அடிக்கும்.

பழக்குவது

புது மண்சட்டியைப் பழக்குகிற மாதிரிதான் இதையும் பழக்க வேண்டும். அரிசி களைந்த கழுநீரில் ஒரு இரவு முழுதாக மூழ்கும்படி போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு கொஞ்சம் புளி, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கருப்புக் காப்பி மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம். கொட்டிவிட்டு மறுபடி வெறும் தண்ணீரில் ஒரு கொதி. நிழலில் இரண்டு நாள் காய வைத்து, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தொட்டுத் தடவி, துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் மிஞ்சி நின்றால் சிக்கு வாடை வரும். வார்னிஷ் பூசுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், இது கொதிக்கும் சாப்பாட்டுக்குள் போகிற சாமான்.

இப்போது தண்ணீர் மொண்டு பாருங்கள். துளைப்பக்கம் முதல் நாளில் ஒரு சொட்டு கசியலாம். மூன்று நாள் குழம்பில் புழங்கினால் காம்பு ஊறி நின்றுவிடும்.

புழக்கத்தில்

இந்த ஆப்பை மண்சட்டிக்கென்றே பிறந்தது. எவர்சில்வர் கரண்டி மண்சட்டியின் அடியைக் கீறிக் கீறி, குழம்பில் மண் நெருநெருக்கும். கொட்டாங்குச்சி கீறாது, சூடும் ஏறாது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மண்ணில் செய்த சட்டியை வாங்கி வந்து உலோகக் கரண்டியால் சுரண்டுவது எனக்கு மனதுக்கு ஆகவில்லை. இன்னொன்று, மீனைப் போட்ட பிறகு ஆப்பையை உள்ளே விடாதீர்கள். சங்கராவானாலும் சரி, வஞ்சிரமானாலும் சரி, துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். ஆப்பை இறங்குவது பரிமாறும்போதுதான், அதுவும் ஓரமாக.

மீனுக்கு ஒன்று, பாயசத்துக்கும் பாலுக்கும் வேறொன்று. இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள், ஓடு வாசனையை விடாது. நாலடியார் அகப்பையை மூழை என்கிறது. பாற்கூழின் சுவையை மூழை உணராதது போல, அறிவில்லாதவன் நல்ல சொல்லை உணரமாட்டான் என்று ஒரு பாட்டு. கறிச்சுவையைச் சுட்ட சட்டியும் சட்டுவமும் அறியுமா என்று சிவவாக்கியரும் கேட்கிறார். உவமையாக இரண்டும் அருமை. ஆனால் எங்கள் ஆயாவின் ஆப்பையைக் காய்ந்த நிலையில் எடுத்து மோந்து பார்த்தால் புளியும் வெந்தயமும் நெத்திலியும் இன்னும் அதற்குள் இருக்கின்றன. அது அறியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது நீளக் காம்பு வைத்த கொட்டாங்குச்சி ஆப்பையில்தான் ஊற்றுவார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சொம்பு, தூக்கு, குண்டான் வரும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆப்பை என்று கணக்கு. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அந்த வரிசையில் கேட்டிருக்கிறேன். கூழ் அடிவரை வந்த நேரத்தில், கடைசியில் நின்ற எங்களைப் பார்த்துப் பூசாரி தாத்தா அதைச் சொல்லிவிட்டு, பானையைச் சாய்த்து வழித்து ஆளுக்கு அரை ஆப்பை ஊற்றினார். இப்போது பல இடங்களில் எவர்சில்வர் மொண்டான் வந்துவிட்டது. உங்கள் தெருக் கோயிலில் ஆடிக்கு ஒரு நீள ஆப்பை செய்து கொடுங்களேன்.

கழுவுவதற்குத் தேங்காய் நாரும் சாம்பலும் போதும். சோப்புத் தூள் ஓட்டுக்குள் இறங்கி, அடுத்த குழம்பில் வாடை காட்டும். தண்ணீரில் ஊறப் போட்டு வைக்காதீர்கள். கழுவியதும் உதறி, கிண்ணம் கீழே பார்க்கும்படி தொங்க விடுங்கள். எரியும் அடுப்பின் விளிம்பில் சாய்த்து வைக்கவும் கூடாது, கொட்டாங்குச்சி நொடியில் பற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்து, வெயில் வந்த அன்று முழுக்கக் காய வையுங்கள்.

கொட்டாங்குச்சி மாற்றும்போது

நாலைந்து வருடத்தில் விளிம்பு தேயும், அல்லது மயிரிழை போல ஒரு விரிசல் விடும். விரிசலுக்கு அரக்கும் பசையும் வைத்து ஒட்ட வேண்டாம். வெளியில் நீட்டியிருக்கும் நுனியில் அடித்த மூங்கில் ஆப்பு, மறுபக்கமிருந்து ஆணி முனையால் தட்டினால் வெளியே வந்துவிடும். ஆப்பையை ஒரு வாரம் நனைக்காமல் காய விட்ட பிறகு இதைச் செய்தால் காம்பு சுருங்கி, எளிதாகக் கழலும். கழற்றிய காம்பைச் சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். கைபட்டு ஏறிய மினுக்கமும் விரல் குழியும் அதோடு போய்விடும்.

பழைய ஓட்டை உப்புப் பானைக்குள் போட்டு வைத்தால் உப்பு அள்ள உதவும். எங்கள் வீட்டில் ஆயா காலத்து இரண்டு ஓடுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. பழைய ஓட்டைப் புதிய ஓட்டுக்குள் வைத்து, இரண்டு துளை வழியாகவும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். காம்பு பழையதுதான், அதனால் துளையின் அளவை மறுபடி தேட வேண்டியதில்லை. அந்தக் குறியின் உள்வட்டத்துக்குள்ளேயே கம்பியை வைத்துத் தொடங்கலாம்.